கேட்டதற்கு மட்டும்

மணிக்கூடு இருக்கிறதா என்று கேட்டால் "ஓம்" என்பார். மணி எத்தனை என்று சொல்லமாட்டார். அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் நிமிடம் பிசகாமல் சொல்வார். முதல் வாரம் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. பெரிய இடத்துப் பெண் போலிருக்கிறது, எங்களைப் போன்றவர்களோடு கதைக்க மனமில்லை என்று நினைத்தேன்.

நான் சுவிஸில் ஆரா நகருக்கு வந்தது லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை வேலை போன பிறகு. அதற்கு முன் டாவோஸில் ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அதற்கும் முன் எங்கெங்கே என்று எழுதப்போனால் இது என் கதையாகிவிடும். ஓரிடத்தில் நான்கைந்து வருடத்துக்கு மேல் நான் நின்றதில்லை. ஆராவில் ஒரு துப்புரவுக் கொம்பனியில் எடுத்தார்கள். ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு என்னையும் அவரையும் சோடியாகப் போட்டார்கள். பின்னேரம் பிள்ளைகள் போன பிறகு நாங்கள் உள்ளே போவோம். கதிரைகளைப் பிள்ளைகளே மேசைமேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நான் நிலம் துடைப்பேன், அவர் பலகை, யன்னல், மேசை. கழிப்பறைகள் இருவருக்கும் பாதி பாதி.

அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மன்னார்ப் பக்கம். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. கணவர் ஒரு கிட்டங்கியில் வேலை, ஒரு மகள். இதெல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அவராகச் சொன்னது ஒன்றும் இல்லை.

ஒருநாள் புது வெண்கட்டிப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வெண்கட்டியையும் இரண்டாக முறித்துப் பலகைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆனாலும் இது எனக்கு மறக்கவில்லை. முழு வெண்கட்டி பலகையில் கிறீச்சிடும். முறித்தால் சத்தம் வராது. எங்கள் ஊர் ஆசிரியர்கள் கைப்பழக்கத்திலேயே முறிப்பார்கள்.

"படிப்பிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எங்கை?"

"மன்னாரிலை."

"எத்தினை வருசம்?"

"ரெண்டு."

"அரசாங்கச் சம்பளமோ?"

"இல்லை. தொண்டர் ஆசிரியர்."

"எத்தினை பிள்ளையள்?"

"நாப்பத்தொண்டு." அடுத்த வெண்கட்டியை முறித்துவிட்டு, "கடைசியிலை முப்பத்தாறு" என்றார்.

அந்த ஐந்து பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஆகவே அவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் அவரை மிஸ் என்று கூப்பிட்டேன். ஊரில் பிள்ளைகள் கூப்பிடுவது போல. பகிடிக்குத்தான் தொடங்கினேன். "மிஸ், மேல்மாடிக் கக்கூசு முடிஞ்சுதோ?" என்பேன். "ஓம் அண்ணை" என்பார். சிரிக்கமாட்டார். ஆனால் மிஸ் என்றதும் துடைக்கிற கை ஒரு கணம் நிற்கும். அதை நான் கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் பிள்ளைகளிடம் என்ன மாதிரி என்பதை ஒரு மழைநாளில் கண்டேன். முதலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மறந்துபோன தொப்பியை எடுக்கத் திரும்பி வந்தாள். வந்தவள் வாசலில் நின்று அழத் தொடங்கிவிட்டாள். உடற்பயிற்சி நேரத்தில் முன்பல் விழுந்துவிட்டதாம். கடதாசியில் சுற்றிப் பொத்திக்கொண்டிருந்தாள். மிஸ் வாளியை வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் குந்தியிருந்தார். பிறகு ஆர்காவ் என்கிற இந்த மாநிலத்துப் பேச்சு டொச்சில், ஊர் ஜெர்மன் மொழியில், கதைக்கத் தொடங்கினார். நான் துடைப்பானைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊர்க் கூரைகளில் ஒரு அணில் இருக்கிறது என்றார். பிள்ளைகளின் பழைய பல்லை வாங்கிக்கொண்டு புதுப் பல் கொடுப்பதுதான் அதற்கு வேலை. அணிலுக்கு ஒரு மனைவி. அவள் பற்களைச் சிறிது பெரிது பார்த்து அடுக்குவாள். அணிலுக்குக் கணக்குச் சரியாக வராது. ஒருமுறை ஒரு பொடியனுக்கு ஒரே இடத்தில் இரண்டு பல் கொடுத்துவிட்டது. மனைவி கூரை முழுக்க அணிலைத் துரத்தினாள். சொல்லும்போது குரலே மாறிவிட்டது. அணிலுக்கு ஒரு குரல், மனைவிக்கு ஒரு குரல். சிறுமி பல் விழுந்த வாயைத் திறந்துகொண்டு சிரித்தாள். பிறகு இருவரும் மழைக்குள் ஓடிப்போய், முற்றத்துச் சைக்கிள் கொட்டகையின் கூரைமேல் பல்லை எறிந்துவிட்டு வந்தார்கள்.

அவர் திரும்பி வந்து வாளியை எடுத்ததும், "மிஸ், இவ்வளவு கதை எங்கை வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கை" என்றார். அவ்வளவுதான்.

சில வாரங்கள் போயின. அந்தச் சிறுமி சொல்லி, மற்றப் பிள்ளைகளும் விழுந்த பல்லைக் கொண்டுவந்து கூரையில் எறியத் தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் நல்ல மனிதர், ஆனால் ஒழுங்குக்காரர். கொட்டகைக் கூரையில் விழுந்த இலைகளைக் கூட்டுவதற்கு ஏணி வைத்து ஏறியிருக்கிறார். இறங்கி வந்தபோது உள்ளங்கை நிறையப் பால்பற்கள். முகம் வெளிறிப்போயிருந்தது. நேரே எங்களிடம் வந்தார்.

"இது உங்கள் வேலையா?" என்று மிஸ்ஸிடம் கேட்டார்.

"ஆம்."

"ஏன்?"

"பிள்ளை அழுதது."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸும் நின்றார். கடைசியில் நான்தான் இடையில் புகுந்து, எங்கள் நாட்டு வழக்கம் ஐயா, கெட்டது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். ஹவுஸ்வார்ட் சிரித்துவிட்டார். பற்களை ஒரு தீப்பெட்டியில் போட்டு முதலாம் வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறார். ஆசிரியை அந்தச் சிறுமியைக் கேட்க, அவள் அணிலின் மனைவி கூரையில் துரத்தியது வரை ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் ஆசிரியை எங்களுக்காகக் காத்திருந்தார்.

"நீங்கள் ஆசிரியர் ஆக வேண்டியவர்" என்றார் மிஸ்ஸிடம். வழியையும் சொன்னார். வளர்ந்தவர்களுக்கான மாலைக் கல்லூரி இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். அங்கே சான்றிதழ் எடுத்தால், அதைக் கொண்டு ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே தனியாக ஒரு வாசல் உண்டு. கோப்பு அனுப்ப வேண்டும், நேரில் ஒரு உரையாடலுக்குப் போக வேண்டும். "பேஹாவுக்கு உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்" என்றார். ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகத்தை இங்கே எல்லோரும் பேஹா என்றுதான் சொல்வார்கள்.

மிஸ் "ஆம்" என்றார். நான் அதை ஒரு மரியாதைக்கான ஆம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை போய்ப் பெயர் பதிந்துவிட்டார்.

ஏன் இப்படிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார் என்பது எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது. சாமான் அறையில், வாளிகளுக்கு நடுவில், தேத்தண்ணி குடிக்கும்போது துண்டு துண்டாகக் கேட்டேன்.

இங்கே அகதியாகப் பதிந்தவர்களை இரண்டு முறை கூப்பிட்டு விசாரிப்பார்கள். முதலாவது சுருக்கம், இரண்டாவது நீளம். மிஸ்ஸைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் முன்பே சொல்லிவைத்திருந்தான்: படிப்பித்தது என்று சொல்லாதே, அந்தப் பகுதியில் பள்ளிக்கூடத்தை யார் நடத்தியது, யாரோடு தொடர்பு என்று தோண்டுவார்கள். ஆகவே முதல் விசாரணையில் தொழில் என்ன என்று கேட்டபோது, இல்லை, வீட்டில் இருந்தேன் என்று சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது விசாரணை காலையில் தொடங்கிப் பின்னேரம் வரை போனது. எல்லாம் முடிந்து, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். அதுவரை அந்த அறையில் ஒருவரும் அவருடைய தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. தம்பியை வீட்டுக்கு முன்னால் வைத்து ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. அதைச் சொன்னார். அழுதுகொண்டு சொன்னார். அதையும் எழுதிக்கொண்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு கடிதம் வந்தது. இவ்வளவு பெரிய விடயத்தை முதல் விசாரணையில் ஏன் சொல்லவில்லை, ஆகவே நம்ப முடியாது. விண்ணப்பம் தள்ளுபடி. ஆறு வருடம் தற்காலிக அட்டையோடு இருந்தார். அந்த ஆறு வருடத்தில்தான் ஊரில் அவருடைய தாய் செத்தது. போக முடியவில்லை.

"தம்பியைப் பற்றிச் சொன்னது பொய்யோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பிறகென்ன?"

"அவை கேக்கேல்லை. நான் சொன்னன்."

எனக்கு இது புதிதில்லை. எனக்கும் ஒரு தள்ளுபடிக் கடிதம் இருந்தது. நான் சொன்ன இரண்டு ஊர்களுக்கு நடுவில் தூரம் பிழைத்துவிட்டதாம். நடந்து போனவனுக்குத் தூரம் எப்படித் தெரியும்? ஆனால் நான் அந்தக் கடிதத்துக்குப் பிறகு இன்னும் கூடுதலாகக் கதைக்கத் தொடங்கினேன். அவர் நிறுத்திவிட்டார். ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

மாலைக் கல்லூரி மூன்றரை வருடம். பள்ளிக்கூடத்தில் வேலை முடித்து, சப்பாத்தை மாற்றிக்கொண்டு, இரண்டு துண்டு பாணைக் கடித்தபடி பஸ்ஸுக்கு ஓடுவார். கணக்கில் நல்ல புள்ளி, டொச் இலக்கணத்தில் நல்ல புள்ளி. கட்டுரையில்தான் விழுந்தார். உங்கள் வாழ்வில் ஒரு முக்கியமான நாள் என்று எழுதச் சொன்னால் ஏழு வரி எழுதிக் கொடுப்பார். அடியில் சிவப்பு மையில் "இன்னும்!" என்று எழுதி வரும். ஒருநாள் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். இரண்டாம் வருடத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தத் தலைப்புக்கும் ஒரு பக்கம் முழுக்க மழை, பனி, மூடுபனி, காற்று என்று எழுதினார். புள்ளி ஏறிவிட்டது.

"காலநிலையை எழுதினா ஒருத்தரும் பிடிக்க ஏலாது, அண்ணை" என்றார். அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான். பகிடியா என்றும் எனக்கு நிச்சயமில்லை.

சான்றிதழ் கிடைத்தது. சித்தியடைந்தவர்களில் நல்ல இடம். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. தாயின் தலையைச் சுற்றி ஒரு மாலையைப் போட்டுப் படம் எடுத்தாள். மிஸ் அந்தப் படத்தில் அடையாள அட்டைக்கு நிற்பது போல நிற்கிறார்.

கோப்பு பேஹாவுக்குப் போனது. இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது: நாற்பது நிமிட உரையாடல், மூன்று பேர் இருப்பார்கள், உங்களை அறிந்துகொள்ள ஆவலாயிருக்கிறோம். மிஸ் அந்தக் கடிதத்தைச் சாமான் அறையில் என்னிடம் நீட்டினார். மூன்று பேர், ஒரு மேசை, நாள், நேரம், அறை இலக்கம், அடையாள அட்டை கொண்டுவரவும். நாங்கள் இருவரும் அந்தக் கடிதத்தை ஒரே மாதிரித்தான் வாசித்தோம். ஆவலாயிருக்கிறோம் என்பது எங்கள் கண்ணில் படவில்லை.

இனி எழுதப்போவதுதான் நான் செய்த வேலை.

"பயப்பிடாதேங்கோ மிஸ். நான் பழக்கி விடுறன்" என்றேன். எனக்கு வாழ்க்கையில் தெரிந்த நேர்முகம் ஒன்றுதான், அகதி விசாரணை. மூன்று கிழமை, வேலை முடிந்த பிறகு, இரண்டாம் வகுப்பு அறையில் அந்தச் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட எதிரெதிரே இருந்து பழகினோம். மூன்று அதிகாரியும் நானே. மேசையில் தட்டுவேன். முகத்தைப் பார்க்காமல் எழுதுவது போல் நடிப்பேன். கேட்ட கேள்வியையே அரை மணி கழித்து வேறு மாதிரிக் கேட்பேன்.

"முந்தி வேற சொன்னனீங்கள், இப்ப வேற சொல்லுறியள்!"

"இல்லை. அதைத்தான் சொன்னன்."

"பாத்தியளோ, இதுதான். இப்பிடியே நில்லுங்கோ."

ஒருநாள் மகள் தாயைக் கூட்டிப்போக வந்தாள். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, என்ன இது? பொலிஸ் விளையாட்டோ?" என்று கேட்டாள்.

"பேஹாவுக்குப் பழகுறம், பிள்ளை" என்றேன் நான்.

"மாமா, அங்கை இப்பிடி ஒருத்தரும் கேக்கமாட்டினம். அவைக்கு அம்மா என்ன மாதிரி ஆள் எண்டு தெரிய வேணும், அவ்வளவுதான். அம்மா, நீங்கள் சும்மா சிரிச்சுக் கதையுங்கோ. அந்தப் பல்லுக் கதையைச் சொல்லுங்கோ. விழுந்து விழுந்து சிரிப்பினம்."

மிஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. மகள் சொன்னது சரியா என்று என்னிடம் கேட்கிற பார்வை. எட்டாம் வகுப்புக்காரனிடம்.

"பிள்ளை இஞ்சை பிறந்தவ. ஒரு நாளும் விசாரணைக்குப் போகாதவ" என்றேன். "பல்லுக் கதையை எடுக்கவே கூடாது. பள்ளிக்கூடச் சொத்திலை பல்லு எறிஞ்சது. ஹவுஸ்வார்ட் எங்கையாவது எழுதி வைச்சிருந்தா?"

"அவர் சிரிச்சவர் எல்லோ" என்றாள் மகள்.

"சிரிச்சுக்கொண்டும் எழுதலாம்."

மகள் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போய்விட்டாள். அப்போது மிஸ் கேட்டதற்கு மேலாக ஒரு சொல் சொன்னார். "மன்னாரிலை படிப்பிச்சது..." என்றார். அவ்வளவில் நின்றுவிட்டார். நான் அதையும் மூடினேன். முதல் விசாரணைத் தாளில் என்ன இருக்கிறது? தொழில் இல்லை என்று இருக்கிறது. பேர்னில் ஏதோ ஒரு கட்டடத்தில் எங்கள் எல்லோருடைய தாளும் இருக்கிறது, ஒரு அரசாங்கக் கந்தோரில் கணினியைத் தட்டினால் மற்றக் கந்தோருக்குத் தெரியும். இதை நான் உண்மையாகவே நம்பினேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள்.

"முதல் தாளிலை உள்ளதுதான் உண்மை, மிஸ். படிப்பிச்சனீங்களோ எண்டு கேட்டா?"

"இல்லை."

"அவ்வளவுதான்."

உரையாடல் நாளன்று நானும் கூடப் போனேன். ரயிலில் கொஞ்சத் தூரம். கடும் நீலச் சேலை கட்ட வேண்டும் என்று கணவர் சொன்னாராம், மகள் கோட் போடச் சொன்னாளாம். கோட்தான். கோப்பில் கொடுத்த தாள்கள் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கையில் வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் சுவரெல்லாம் கண்ணாடி. என்னை நடையில் ஒரு வாங்கில் இருக்கச் சொன்னார்கள். அறைக்குள் நடப்பது எனக்குத் தெரிந்தது, கேட்கவில்லை.

இரண்டு பெண்கள், ஒரு ஆண். எழும்பிக் கை கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்த முகம். ஒரு பெண் கையை விரித்துக் கேள்வி கேட்டாள், ஏதோ பெரிய கேள்வி, பதிலுக்கு நிறைய இடம் விட்ட மாதிரி. மிஸ்ஸின் உதடு அசைந்து நின்றது. அந்தப் பெண் காத்திருந்தாள். மிஸ்ஸும் காத்திருந்தார். முதுகு நேராக, இரண்டு கையும் மடியில். நான் வாங்கில் இருந்துகொண்டு மனதுக்குள் சொன்னேன்: அப்படித்தான், கூட ஒரு சொல் விடக்கூடாது. அந்த ஆண் முன்னால் சாய்ந்து ஏதோ பகிடி சொன்னார் போலிருந்தது. மிஸ் தலையை ஆட்டினார். பிறகு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் என்று சொன்னது இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்தவரின் முகத்தில் வியர்வை. ஆனால் கண் வெளிச்சமாக இருந்தது.

"இருபது நிமிசம்!" என்றேன். "இருபது நிமிசத்திலை விட்டிட்டினம்! எனக்கு ஏழு மணித்தியாலம் எடுத்தவங்கள்."

எங்களுக்கு நீண்ட விசாரணைதான் கெட்டது. சுருக்கமாக முடிந்தால் ஒரு முரணும் அகப்படவில்லை என்று அர்த்தம். புகையிரத நிலையத்தில் கோப்பி வாங்கினேன். நடந்ததைக் கேட்கக் கேட்கச் சொன்னார்.

"ஏன் ஆசிரியர் ஆக விருப்பம் எண்டு கேட்டவையோ?"

"ஓம்."

"என்ன சொன்னனீங்கள்?"

"பிள்ளையளுக்குப் படிப்பிக்க."

"பிறகு?"

"அவ்வளவுதான் கேட்டவை. பிறகு, பிள்ளையளோடை நடந்த ஏதாவது சம்பவம் ஞாபகம் இருக்கோ எண்டு கேட்டவை."

"பல்லுக் கதை சொன்னியளோ?"

"இல்லை. ஞாபகம் இல்லை எண்டன்."

"நல்லது. படிப்பிச்சது?"

"கேட்டவை. இல்லை எண்டன்."

"கடைசியா?"

"வேற ஏதாவது சொல்ல விருப்பமோ எண்டு கேட்டவை. இல்லை எண்டன். எந்தப் பக்கத்திலை கையெழுத்து வைக்கிறது எண்டு கேட்டன். கையெழுத்து ஒண்டும் தேவையில்லையாம். சிரிச்சினம்."

நாங்களும் சிரித்தோம். அன்றைக்கு மிஸ் பல் தெரியச் சிரித்தார். அப்படி நான் கண்டது அந்த ஒருமுறைதான். இதைப் போல இன்னொரு சந்தோஷமான நாள் எனக்கு இந்த நாட்டில் ஞாபகமில்லை. அதுதான் இதில் மிகவும் மோசமான விடயம்.

கடிதம் வந்த அன்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மகள்தான் வாசித்தாள். முதலில் ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிச் சொன்னாள். நடுவில் நிறுத்திவிட்டு, தாய்க்கு டொச் தெரியும்தானே என்று கடிதத்தை மேசையில் வைத்தாள். சான்றிதழ் மிகச் சிறப்பு. மொழி போதுமானது. ஆனால் விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் வெளிப்படுத்தவில்லை. கற்பித்த அனுபவம் இல்லை என்பதை அவரே உறுதிப்படுத்தினார். பிள்ளைகளோடு பழகுவதில் அவருக்கு விருப்பம் இருப்பதாக உரையாடலில் தெரியவில்லை. ஆகவே ஆசிரியத் தொழிலுக்குப் பொருத்தமானவர் என்று கொள்ள முடியாது. மேன்முறையீட்டுக்கு முப்பது நாள்.

"அனுபவம் இல்லையோ?" என்று மகள் கத்தினாள். "அம்மா, அந்தத் தகரக் கொட்டிலுக்கை நாப்பத்தொரு பிள்ளையள்! எத்தினை தரம் எனக்குச் சொன்னனீங்கள், ஒவ்வொரு பிள்ளையின்ரை பேரும் எனக்குத் தெரியும்!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்கள்தான்."

கணவர் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தார். பிறகு மூடினார்.

முதலாம் வகுப்பு ஆசிரியை தானே ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். ஹவுஸ்வார்ட்டும் எழுதுவதாகச் சொன்னார், பற்களைப் பற்றியே எழுதுவாராம். அதை வைத்து மேன்முறையீடு செய்யலாம். அடுத்த நாள் சாமான் அறையில் நான் கெஞ்சினேன். மிஸ் துணிகளைப் பிழிந்து கம்பியில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப புதுசாக் கொண்டுபோய்க் குடுத்தா, அண்டைக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பினம்" என்றார். கடைசித் துணியையும் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டா நான் என்ன சொல்ல, அண்ணை?"

அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

அந்தக் கடிதத்தில் பிள்ளைகளைப் பற்றி இருந்த வசனத்தை அவர் நம்பிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முத்திரை குத்தி வந்த எதையும் அவர் நம்பாமல் இருந்ததில்லை. இரண்டு கிழமை கழித்து, ஒரு பின்னேரம், புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை உள்ளே வந்தாள். கையில் கடதாசிப் பொட்டலம்.

"பல்லை எடுக்கிற அணில் இந்தக் கூரையிலா இருக்கிறது?" என்று கேட்டாள்.

மிஸ் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார்.

"இல்லை" என்றார்.

பிள்ளை யன்னலால் கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைக் கோட் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மிஸ் யன்னலைத் துடைத்து முடித்தார். வெண்கட்டிகள் தட்டில் முழுதாகவே கிடந்தன.

முப்பது நாளில் இருபத்தெட்டாவது நாள், நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ரயிலில் இருந்தபடி எல்லாவற்றையும் டொச்சில் சேர்த்து வைத்துக்கொண்டேன். அணில், அணிலின் மனைவி, தீப்பெட்டி, தகரக் கொட்டில், நாற்பத்தொரு பிள்ளைகள், முதல் தாள், தம்பி. வினைச்சொல் எல்லாம் கடைசியில் வருகிற மாதிரி ஒழுங்காக அடுக்கினேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பிழை இல்லை.

வரவேற்பு மேசையில் ஒரு இளம்பெண் இருந்தாள். நல்ல முகம். மிஸ்ஸின் பெயரைச் சொல்லி, அவருடைய விடயமாக வந்தேன் என்றேன். அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் விண்ணப்பதாரரா?"

"இல்லை."

"உறவினரா?"

"இல்லை."

"அவர் சார்பாகப் பேச எழுத்தில் ஏதாவது அனுமதி இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியென்றால் நான் உங்களுக்கு ஒன்றும் சொல்ல முடியாது" என்றாள். மன்னிக்கவும் என்றும் சொன்னாள். எனக்குப் பின்னால் ஒருவரும் வரிசையில் இல்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. கையைக் கணினியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அவ்வளவும் வாய்க்குள் இருந்தது. ஒழுங்காக அடுக்கியபடி இருந்தது.

"இல்லை" என்றேன்.